மூளையின் தாளகதி

தாராபுரம் வட்டத்து மூலனூரும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களும் பருத்திக்கும் முருங்கைக்கும் பெயர் பெற்றவை. அப்பகுதி மக்களுள் உழவுத் தொழில் புரிவோர் போக, நூற்பாலைக்கும் விசைத்தறிக் கூடத்திற்கும் திருப்பூர்ப் பின்னலாடைப் பணிக்கும் செல்வோர் மிகப் பலர். தறியின் இயக்கம் அவர்கட்கு நன்கு தெரிந்ததே. பாவு நூல்கள் மேலும் கீழுமாகப் பிரிந்து வாய் திறக்கும். அவ்வாய் திறந்திருக்கும் சிறு பொழுதினுள், நாடாவானது ஊடை நூலை இழுத்துக்கொண்டு குறுக்கே ஓடிவிட வேண்டும். வாய் மூடிய பின் ஓடுமாயின் நூல்கள் அறுந்து தறி நின்றுவிடும். நூல் எத்துணை உயர்ந்ததாயினும், நாடா எத்துணை விரைவுடையதாயினும், காலம் தவறினால் துணி இல்லை.

ஆங்கிலேய உடலியல் அறிஞராகிய சார்லசு செரிங்டன் என்பார், உறக்கத்தினின்று விழித்தெழும் மூளையை மாயத் தறி ஒன்றிற்கு ஒப்பிட்டு, 1940-ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில் எழுதினார். நரம்புகளின் செயலை ஆராய்ந்தமைக்காக 1932-இல் நோபல் பரிசு பெற்ற பெரியார் அவர். அவ்வொப்புமையை அவர் ஓர் அணியாகவே கூறினார். பின்வந்த ஆய்வுகளோ, அது வெறும் அணியன்று என்பதைப் புலப்படுத்தி வருகின்றன. மூளையின் நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி கொடுப்பதிலும் கொள்வதிலும் காலக் கணக்கிற்குப் பெரும்பங்கு உண்டு. அக்கணக்கைக் காப்பது மூளைக்குள்ளேயே ஓயாது எழும் தாளகதியாகும்.

மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன என்று கணக்கிட்டுள்ளனர். அவற்றுள் ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான பிற அணுக்களோடு தொடர்புடையது. ஓர் அணு மற்றோர் அணுவிற்குச் செய்தி சொல்ல ஒரு மின்துடிப்பை அனுப்பும். அத்துடிப்பு நிகழும் நேரம் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இதில் நோக்கத்தக்கது ஒன்று உண்டு. ஓர் அணு அனுப்பும் துடிப்புகளுள் பெரியது சிறியது என்னும் வேறுபாடு இல்லை. எல்லாம் ஒரே அளவின. உரத்துச் சொல்லவும் மெல்லச் சொல்லவும் அதனால் இயலாது. அங்ஙனமாயின் அது தன் கருத்தை எவ்வாறு வேறுபடுத்திக் காட்டும்? ஒரு நொடிக்கு எத்தனை முறை துடிக்கின்றது என்பது ஒரு வழி. நெடுங்காலம் ஆய்வாளர் அதனையே எண்ணிக்கொண்டிருந்தனர். மற்றொரு வழி, எப்பொழுது துடிக்கின்றது என்பது.

இதற்குத் தேரோட்டத்தைவிடச் சிறந்த எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது. பெருந்தேரின் வடத்தை நூற்றுக்கணக்கானோர் பற்றி நிற்பர். ஒருவர் இப்போது இழுத்து, மற்றவர் சற்று நேரம் கழித்து இழுப்பராயின், நாள் முழுதும் இழுத்தாலும் தேர் நிலையை விட்டு அசையாது. ஒலி எழும் கணத்தில் அனைவரும் ஒருசேர இழுக்கும்போதுதான் சக்கரம் உருள்கின்றது. இழுப்போர் தொகையும் அவர்தம் வலிமையும் அவையே. வேறுபட்டது காலம் ஒன்றே. நரம்பணுவின் நிலையும் இதுவே. தனியொரு துடிப்பு வந்து சேர்ந்தால், பெறும் அணு சிறிதே அசைந்து, நொடியின் நூற்றில் சில பங்கு நேரத்திற்குள் பழைய நிலைக்கு மீண்டுவிடும். பல துடிப்புகள் ஒருங்கே வந்து சேர்ந்தால்தான் அது தானும் துடித்துச் செய்தியை மேலே அனுப்பும்.

இவ்வாறு பல்லாயிரம் அணுக்கள் ஒருங்கே எழுந்து ஒருங்கே அடங்குவதால் பிறக்கும் மின்னலையை, மண்டையோட்டிற்கு வெளியிலிருந்தும் அளக்கலாம். 1875-இல் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்து மருத்துவர் ரிச்சர்டு கேட்டன், முயல், குரங்கு ஆகியவற்றின் மூளையில் மின்னோட்டம் இருத்தலைக் கண்டறிந்து கூறினார். மனிதர் மூளையின் அலையை முதன்முதலாகப் பதிந்தவர் செருமனி நாட்டு யேனா நகரத்து மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர். அவர் வரலாறு சுவையானது. இளமையில் படைப்பயிற்சியின்போது குதிரையினின்று விழுந்து, பீரங்கி வண்டியின் சக்கரத்திற்கு இரையாக இருந்து தப்பினார். அன்று மாலையே, மகன் நலமா என்று வினவித் தந்தையிடமிருந்து தந்தி வந்தது. நெடுந்தொலைவிலிருந்த தமக்கை, தம்பிக்கு ஏதோ தீங்கு நேர்ந்ததென்று அஞ்சிக் கலங்கினாளாம். ஒருவர் எண்ணம் மற்றொருவர்க்கு எவ்வாறு சென்றது என்று அறியும் வேட்கையே அவரை மூளை ஆய்வில் செலுத்தியது. எண்ணம் பரவும் வழியை அவர் காணவில்லை. மூளையின் அலை அத்துணை நுண்ணியது. கைவிளக்கில் இடும் மின்கலத்தின் அழுத்தத்தில் ஏறத்தாழ முப்பதாயிரத்தில் ஒரு பங்கே தலைத்தோலின் மேல் கிட்டும். ஆயினும் அவர் தேடாத ஒன்று கிட்டியது. கண்ணை மூடி அமைதியாக இருப்பவரின் பின்தலையில் நொடிக்குப் பத்து முறை அளவில் ஓர் அலை ஒழுங்காக எழுவதையும், கண்ணைத் திறந்த மாத்திரத்தில் அது மறைவதையும் அவர் கண்டார். 1924-இல் பதியத் தொடங்கியவர், ஐந்தாண்டுகள் ஐயமறச் சோதித்த பின் 1929-இல்தான் வெளியிட்டார். அப்பொழுதும் உலகம் நம்பவில்லை. 1934-இல் கேம்பிரிட்சு நகரில் ஏட்ரியன், மேத்யூசு என்னும் இருவர் அதே சோதனையைச் செய்து காட்டிய பின்னரே பெர்கரின் பெயர் நிலைபெற்றது.

அலைகளுக்குக் கிரேக்க எழுத்துகளின் பெயர்களை இட்டனர். நொடிக்கு நான்கிற்குக் குறைந்தது டெல்டா. நான்கு முதல் எட்டு வரை தீட்டா. எட்டு முதல் பதின்மூன்று வரை பெர்கர் கண்ட ஆல்ஃபா. முப்பது வரை பீட்டா. அதற்கு மேற்பட்டது காமா. எல்லைகள் நூலுக்கு நூல் சிறிது மாறும்.

தமிழகத்திற்கும் இவ்வாய்வுத் துறைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. இந்தியாவில் மூளை அறுவை மருத்துவத்திற்கென முதல் துறை, வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1949-இல் டாக்டர் ஜேக்கப் சாண்டியால் தொடங்கப்பெற்றது. அடுத்த ஆண்டு சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் பா. இராமமூர்த்தி அப்பணியைத் தொடங்கினார். இவ்விருவரும் டாக்டர் எஸ்.டி. நரசிம்மன், டாக்டர் பல்தேவ் சிங் ஆகியோரும் கூடி, 1951-இல் சென்னையில் இந்திய நரம்பியல் கழகத்தை நிறுவினர். பல்தேவ் சிங் வேலூரில் பணியாற்றிப் பின்னர்த் தில்லி சென்றவர். அவர் பெயர் இக்கட்டுரையில் மீண்டும் வரும்.

தாளகதி எவ்வாறு பிறக்கின்றது என்பதை இனிக் காண்போம். மூளையின் புறணியில் இருவகை நரம்பணுக்கள் உள்ளன. ஒருவகை பிறவற்றை எழுப்பும். மற்றொருவகை பிறவற்றை அடக்கும். ஐந்தில் நான்கு பங்கு எழுப்புவன. ஒரு பங்கே அடக்குவன. தேரோட்டத்தில் வடம் பிடிப்போர் பலராகவும் சக்கரத்திற்கு முட்டுக்கட்டை இடுவோர் சிலராகவும் இருத்தல் போன்றது இது. எழுப்பும் அணுக்கள் ஒருங்கே கிளர்ந்தால், அக்கிளர்ச்சி அடக்கும் அணுக்களையும் தட்டி எழுப்பும். அவை உடனே சுற்றிலும் உள்ள அனைத்தையும் வாயடைக்கச் செய்யும். அவ்வடக்கம் நெடுநேரம் நில்லாது. நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு அளவில் தளரும். தளர்ந்ததும் அடங்கிக் கிடந்தவை எல்லாம் ஒருங்கே தலைதூக்கும். மீண்டும் அடக்கம்; மீண்டும் எழுச்சி. காமா என்னும் விரைந்த அலை பெரும்பாலும் இவ்வாறே பிறக்கின்றது. தாளம் போட வெளியிலிருந்து ஒருவரும் வரவில்லை. அடக்கமே தாளத்தைப் படைக்கின்றது. மெதுவான ஆல்ஃபா அலையில், மூளையின் நடுவில் உள்ள தலாமசு என்னும் பகுதிக்கும் பங்கு உண்டு.

மேலே கூறிய தறியின் வாய் இங்குப் பொருந்துவதைக் காண்க. அடக்கம் தளர்ந்த கணம் பாவு வாய் திறந்த கணம். அப்பொழுது வரும் செய்தி ஏற்கப்பெறும். அடக்கம் மிக்க கணம் வாய் மூடிய கணம்; அப்பொழுது வரும் செய்தி வலிமை உடையதாயினும் வீணாகும். ஆகலின், மூளையின் இரு பகுதிகள் தம்முள் தாளம் ஒத்து இயங்கினால், ஒன்றன் செய்தி மற்றொன்றின் வாய் திறக்கும் பொழுது பார்த்துச் சென்று சேரும். தாளம் மாறினால் நரம்பின் தொடர்பு இருந்தும் செய்தி சேராது. நெருநல் கேட்ட பேரொலிகளுக்கு இடையிலும் ஒரு தாய் தன் குழவியின் அழுகுரலைப் பிரித்தறிகின்றாளே, அத்தகைய கவனத்திற்கு இதுவே அடிப்படையாகலாம் என்பது செருமானிய அறிஞர் பாஸ்கல் பிரீசு 2005-இல் முன்வைத்த கொள்கை.

தாளத்தைக் கொண்டு செய்தியையே எழுதலாம் என்பதற்கு ஒரு தெளிந்த சான்று எலியிடம் கிடைத்தது. இலண்டன் நகரத்து ஜான் ஓ'கீஃப் என்பார், எலியின் மூளையில் ஹிப்போகேம்பசு என்னும் பகுதியில், எலி ஓரிடத்தில் நிற்கும்போது மட்டும் துடிக்கும் அணுக்களை 1971-இல் கண்டு கூறினார். ஓர் அணு வாயிலுக்கு, மற்றொன்று மூலைக்கு என, அவ்வணுக்கள் இடத்தைக் குறித்து நின்றன. எலி நடக்கும்போது அப்பகுதியில் நொடிக்கு எட்டு அளவில் தீட்டா அலை ஓடும். 1993-இல் அவரும் அவருடன் பணியாற்றிய ரெக்சே என்பவரும் வேறொன்றைக் கண்டனர். எலி ஓர் அணுவிற்குரிய இடத்தினுள் நுழையும்போது அவ்வணு அலையின் பிற்பகுதியில் துடிக்கின்றது. எலி முன்செல்லச் செல்ல, ஒவ்வோர் அலையிலும் சற்று முந்தி முந்தித் துடிக்கின்றது. தாளத்தில் எவ்விடத்தில் அடி விழுகின்றது என்பதைக் கொண்டே, எலி அவ்விடத்தில் எவ்வளவு தூரம் கடந்துள்ளது என்று சொல்லிவிடலாம்! துடிப்பை மட்டும் எண்ணுவோர்க்கு இச்செய்தி அகப்படாது. இடத்தை அறியும் அணுக்களைக் கண்டமைக்காக 2014-இல் ஓ'கீஃபிற்கு, நார்வே நாட்டு மோசர் இணையரோடு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பெற்றது.

காமா அலை பற்றி அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை என்பதையும் மறைக்கலாகாது. 1989-இல் பிராங்க்பர்ட்டு நகரில் கிரே, வுல்ஃப் சிங்கர் முதலியோர், பூனையின் பார்வைப் புறணியில், ஒரே பொருளின் வெவ்வேறு பகுதிகளைக் காணும் அணுக்கள் நொடிக்கு நாற்பது அளவில் தாளம் ஒத்துத் துடிப்பதைக் கண்டனர். மலரின் நிறத்தை ஓரணுவும் வடிவத்தை ஓரணுவும் அறிய, அவை இரண்டும் ஒரு மலரே என்று மனம் கொள்வது இத்தாள ஒற்றுமையால்தான் என்று சிலர் கருதினர். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் இவ்வலைகளை ஆராய்ந்து வரும் சுப்ரதிம் ரே, அதற்கு முன் அமெரிக்காவில் மான்செல் என்பவருடன் செய்த ஆய்வை 2010-இல் வெளியிட்டார். பார்க்கும் பொருளின் ஒளி வேறுபாடு மாறினால் காமாவின் வேகமும் மாறுகின்றது. ஒரே பொருளின் ஒளிமிக்க பகுதிக்கும் மங்கிய பகுதிக்கும் வேகம் வேறாக இருக்கும்போது, அவற்றை இணைக்கும் பொதுக் கடிகாரமாக அது பயன்படுதல் அரிது என்பது அவர்கள் காட்டிய தடை. அத்தடை இன்றும் மதிக்கப்பெறுகின்றது. அலை செய்திக்குக் காரணமா, செய்தி செல்வதால் தோன்றும் அடையாளமா என்னும் வழக்கு இன்னும் முடியவில்லை.

யோகியரின் மூளை அலை பற்றிப் பலரும் வினவுவர். அதற்கு இந்தியாவிலேயே செய்த ஆய்வு முற்பட்டது. தில்லி அனைத்திந்திய மருத்துவ அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஆனந்த், சின்னா, மேலே கூறிய பல்தேவ் சிங் ஆகிய மூவரும், யோகப் பயிற்சி உடையோரின் மூளை அலைகளைப் பதிந்து 1961-இல் வெளியிட்டனர். சாதாரண நிலையில் கண்மூடி இருப்பவர் அருகில் மணி அடித்தாலோ ஒளி பாய்ச்சினாலோ ஆல்ஃபா அலை உடனே கலையும். நான்கு யோகியரிடம் ஒளி, ஒலி, வெப்பம், அதிர்வு ஆகியவற்றைக் கொண்டு சோதித்தபோது, தியானத்திற்கு முன் கலைந்த ஆல்ஃபா தியானத்தில் கலையவே இல்லை. வேறு பயிற்சி உடைய யோகியர் இருவர், 4 பாகை அளவுள்ள பனிநீரில் முக்கால் மணி நேரத்திற்கு மேல் கையை வைத்திருந்தும் ஆல்ஃபா நிலைத்து நின்றது. பின்னர் 1966-இல் சப்பானிய ஆய்வாளர் இருவர் ஜென் துறவியரைச் சோதித்தபோது மாறுபட்ட முடிவு கிடைத்தது; அவர்களிடம் ஒவ்வொரு முறை ஒலி எழுப்பும்போதும் அலை சிறிது கலைந்து உடனே மீண்டது. ஒருவர் புலன்களை உள்ளே ஒடுக்கியவர்; மற்றவர் விழிப்போடு நோக்கி இருப்பவர். பயிற்சி வேறாயின் அலையும் வேறாதல் இயல்பே. 2004-இல் திபெத்தியத் துறவியர் எண்மரிடம் காமா அலை மிகுந்திருக்கக் கண்டனர். இவ்வெண்ணிக்கைகள் சிறியவை. அலையைக் கண்டு ஒருவர் பெற்ற அநுபவத்தை அளந்துவிட்டதாகக் கொள்வது, தேர்ச் சக்கரத்தின் தடத்தை அளந்து உற்சவரின் திருமேனியை வரைவது போலாம். ‘ஆல்ஃபா அலையைத் தூண்டும்’ என்று சொல்லி விற்கப்பெறும் ஒலித்தட்டுகட்கும் இவ்வாய்வுகளுக்கும் தொடர்பு இல்லை.

உறக்கத்திலும் மூளையின் தாளம் ஓய்வதில்லை, மாறுகின்றது. ஆழ்ந்த உறக்கத்தில், நொடிக்கு ஒன்றினும் குறைந்த பேரலைகள் புறணி எங்கும் பரவும். அணுக்கள் யாவும் ஒருங்கே அடங்கி, ஒருங்கே எழும். அவ்வெழுச்சியின் மேல், நொடிக்குப் பதினொன்று முதல் பதினைந்து வரை துடிக்கும் சிற்றலைக் கொத்துகள் தோன்றும். அவை நடுவில் பருத்து இருமுனையும் மெலிந்திருத்தலால், அவற்றிற்கு நூற்பாலையின் ‘ஸ்பிண்டில்’ என்னும் கதிரின் பெயரையே இட்டுள்ளனர். அதே பொழுதில் ஹிப்போகேம்பசில் நொடிக்கு நூற்றுக்கு மேற்பட்ட நுண்ணலைகள் மின்னி மறையும். எலி பகலில் நடந்த வழியில் ஒருங்கே துடித்த அணுக்கள், பின்னர் அது உறங்கும்போதும் ஒருங்கே துடிக்கின்றன என்று வில்சன், மெக்நாட்டன் என்னும் அமெரிக்கர் 1994-இல் காட்டினர். பகலில் கற்றதை மூளை இரவில் மீளச் சொல்லிப் பார்க்கின்றது போலும். 2009-இல் பாரிசு நகரத்து ஆய்வாளர், உறங்கும் எலியின் அந்நுண்ணலைகளை மட்டும் எழும்தோறும் கலைத்துவிட்டனர். எலி உறங்கியும், கற்ற வழியை நன்கு நினைவிற் கொள்ள இயலாது இடர்ப்பட்டது.

நூற்பாலையில் இரவு முறைப் பணிக்குச் செல்வோர் மிக்க வட்டாரங்களில் இச்செய்தி கருதத்தக்கது. பகலில் உறங்கும் உறக்கம் உடலின் இயற்கைக் கடிகாரத்திற்கு மாறானது. ஆதலின் குறுகியும் அடிக்கடி கலைந்தும் போகின்றது. இரவுப் பணி முடித்து வந்தவர் உறங்கும் அறையில் வெளிச்சத்தை மறைத்து, தொலைக்காட்சியை நிறுத்தி, இடையில் உணவிற்கென்று எழுப்பாதிருத்தல் வீட்டார் செய்யக்கூடிய உதவி. தேர்வுக்கு முன்னிரவு முழுதும் விழித்துப் படிக்கும் மாணவர், படித்ததைப் பதிய வைக்கும் பொழுதையே செலவழித்துப் படிக்கின்றனர்.

முதுமையில் தாளம் மெலிகின்றது. சுப்ரதிம் ரேயின் குழுவினர் பெங்களூருவில் 50 வயது கடந்த இருநூறு பேருக்கு மேற்பட்டோரிடம், கறுப்பும் வெளுப்புமான பட்டைக் கோடுகளைத் திரையில் காட்டி மூளை அலைகளைப் பதிந்தனர். நலமுடையோரிடமே வயது ஏற ஏறக் காமா மெலிவதை 2020-இலும், மறதி நோய் தொடங்கியோரிடமும் அல்சைமர் நோயுற்றோரிடமும் ஒத்த வயதினரைவிட அது மேலும் மெலிந்திருப்பதை 2021-இலும் வெளியிட்டனர். நோயுற்றோர் தொகை அவ்வாய்வில் மிகச் சிறிது. ஆயினும், மலிவான ஒரு சோதனையால் மறதி நோயை முன்னரே உணரும் வழி இதனால் பிறக்கக்கூடும். நொடிக்கு நாற்பது முறை சிமிட்டும் விளக்கினால் நோயுற்ற சுண்டெலியின் மூளையில் படிந்த கழிவு குறைந்தது என்று 2016-இல் அமெரிக்காவில் கூறினர். 2023-இல் வேறொரு குழு அதே சோதனையைச் செய்தபோது அப்பயன் தோன்றவில்லை. மனிதரிடம் சோதனை நடைபெறுகின்றது. அதற்குள் அத்தகைய விளக்கை விலைகொடுத்து வாங்க வேண்டுவதில்லை.

தாளம் மெலிவதால் வரும் கேட்டினும், தாளம் மிகுவதால் வரும் கேடு நம்மிடையே பெரிது. அதுவே வலிப்பு நோய். மக்கள் காக்காய் வலிப்பு என்பர். தேரின் வடத்தை இழுப்போர் அனைவரும் வெறிகொண்டு ஓட, முட்டுக்கட்டை இடுவோர் கை சோர்ந்தால் யாது நிகழுமோ, அது மூளையில் நிகழ்கின்றது. அளவோடு ஒத்த தாளம் அறிவைத் தருகின்றது. அளவிறந்து எல்லா அணுக்களும் ஒரே துடிப்பில் சிக்கினால், செய்தி என்று ஒன்றும் இல்லாது போய் உணர்வே மறைகின்றது. எல்லாரும் ஒரே சொல்லைக் கூவும் கூட்டத்தில் எவர் பேச்சும் கேளாதது போல்வது அது. வலிப்பு மருந்துகளுள் பல, அடக்கும் அணுக்களின் கையை வலுப்படுத்துவன. வேறு சில, அணுக்கள் மிகை விரைவாகத் துடிப்பதைத் தடுப்பன.

உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேர்க்கு இந்நோய் உண்டு. இந்தியாவில் ஒரு கோடிக்குக் குறையாது என்று மதிப்பிடுகின்றனர். முறையாகக் கண்டறிந்து மருந்து உட்கொண்டால் நூற்றுக்கு எழுபது பேர் வலிப்பின்றி வாழலாம் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் கூற்று. எனினும் பேய் என்றும் சாபம் என்றும் பில்லி சூனியம் என்றும் எண்ணி, ஆண்டுக்கணக்கில் கயிறு கட்டியும் வேப்பிலை அடித்தும் காலம் போக்கும் குடும்பங்கள் இன்றும் உள. ஆலயத்திற்கு வந்து வேண்டிக்கொள்வதை மருத்துவர் எவரும் தடுப்பதில்லை; வேண்டுதல் மருந்தை நிறுத்துவதற்குக் காரணம் ஆகலாகாது. பம்பைக்கும் உடுக்கைக்கும் இசைந்து அடிபெயர்த்து அருள்வந்து ஆடுவோரையும், எந்த ஒலிக்கும் இசையாது தரையில் வீழ்ந்து விறைத்து வெட்டுவோரையும் ஒன்றாகக் கொள்வது பெரும்பிழை.

வலிப்பு எப்பொழுதும் வீழ்ந்து துடிப்பதாகவே இராது. சிறுவர்க்கு வரும் ஒருவகையில், பேசிக்கொண்டிருக்கும் பிள்ளை திடீரென்று நின்று, வெறித்து நோக்கி, சில நொடிகளில் ஒன்றும் நேராதது போல் தொடரும். ஒரு நாளில் பன்முறை இவ்வாறு நேரும். விழுதலும் இல்லை, நுரைத்தலும் இல்லை. ஆகவே ஆசிரியர் கவனமற்ற பிள்ளை என்பர், பெற்றோர் சோம்பல் என்பர், அடியும் விழும். அந்நேரத்தில் மூளை எங்கும் நொடிக்கு மூன்று என்னும் கணக்கில் கூர்முனையும் அலையுமாக மாறி மாறி எழுவதை, 1935-இல் பாஸ்டன் நகரத்து மருத்துவர் பதிந்து காட்டினர். அவ்வடிவம் ஐயத்திற்கு இடமின்றித் தெளிவானது. பிள்ளையை மூன்று நிமிடம் ஆழ்ந்து மூச்சுவிடச் சொன்னாலே மருத்துவர் முன்னிலையில் அது தோன்றிவிடுவதுண்டு. மருந்தினால் பெரும்பாலும் கட்டுப்படும். பிள்ளைகள் பலர்க்கு வளர வளர நீங்கியும் போகும். அடிவாங்கிய ஆண்டுகள்தாம் மீளா.

திருமணத்தைப் பற்றி ஒரு செய்தி அனைவரும் அறிய வேண்டுவது. 1976-இல் செய்த திருத்தத்தால், அடிக்கடி வரும் வலிப்பு நோய் இந்து திருமணச் சட்டத்தில் மனநோயோடு சேர்த்து ஒரு தடையாக எழுதப்பெற்றிருந்தது. மருத்துவர்களும் நோயாளர் அமைப்புகளும் முயன்றதன் பயனாக, 1999-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அச்சொல்லை நீக்கிவிட்டது. எனவே வலிப்பு உடையவர் மணம் புரிதற்குச் சட்டத்தில் தடையில்லை. அந்நோய் ஒன்றையே காட்டித் திருமணம் செல்லாது என்று கூறவும் இடமில்லை. எனினும் பெண் வீட்டார் மறைத்து மணமுடிப்பதும், மணமான பின் மருந்தை ஒளித்து வைத்து, பின்னர் உட்கொள்ளாமலே விட்டு, வலிப்பு மீண்டு வந்து உண்மை வெளிப்படுவதும் நிகழ்கின்றன. முன்னரே சொல்லிவிடுவது இருவீட்டார்க்கும் நல்லது. கருவுற எண்ணும் பெண்கள் மருந்தைத் தாமே நிறுத்தாது, சில மருந்துகள் கருவிற்கு ஆகாதவை ஆதலின், முன்கூட்டியே மருத்துவரிடம் மாற்றிக்கொள்ளல் வேண்டும்.

திருவிழாக் கூட்டத்தில் ஒருவர் வலிப்புற்று வீழ்ந்தால் இரும்புச் சாவியைக் கையில் திணிப்பது வழக்கம். பெரும்பாலான வலிப்பு ஒன்றிரண்டு நிமிடங்களில் தானே நிற்பது. சாவி தேடி வருவதற்குள் நின்றுவிடுவதால் அப்பெருமை சாவிக்குப் போயிற்று. வாயில் எதனையும் இடலாகாது, கைகால்களை அமுக்கிப் பிடிக்கலாகாது, நீர் புகட்டலாகாது. சுற்றி நிற்போரை விலக்கி, கூரிய பொருள்களை அகற்றி, தலைக்குக் கீழே மடித்த துணியை வைத்து, துடிப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வைத்தல் போதும். ஐந்து நிமிடத்திற்கு மேல் நீடித்தாலோ, தெளிவு வருமுன் மீண்டும் வந்தாலோ, 108 ஊர்தியை அழைத்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

மூளை மின்னலைப் பதிவாகிய ஈ.ஈ.ஜி. சோதனைக்கு அஞ்சுவோர் பலர். தலையில் கம்பிகளைக் கண்டதும் ‘கரண்ட் வைக்கப் போகின்றனர்’ என்று அழுது மறுப்பாரும் உளர். இச்சோதனையில் தலைக்குள் மின்சாரம் சிறிதும் செலுத்தப்பெறுவதில்லை. உள்ளிருந்து வருவதை எழுதிக்கொள்வதே அக்கருவியின் பணி. இருபது அளவிலான சிறு வில்லைகளைப் பசையால் தலையில் ஒட்டுவர், வலி இல்லை, அரைமணி அளவில் முடியும். முதல் நாள் தலைக்குக் குளித்து, எண்ணெய் தடவாது செல்ல வேண்டும். வழக்கமான மருந்தை மருத்துவர் சொன்னாலன்றி நிறுத்தலாகாது. முதல்நாள் இரவு குறைவாக உறங்கி வருமாறு சிலருக்குச் சொல்வர். உறக்கத்தில் வேறுபாடு எளிதில் புலப்படும் என்பதே காரணம். பதிவு சீராக இருந்தமையால் மட்டும் வலிப்பு இல்லையென்று ஆகாது. அவ்வரைமணியில் அது தோன்றாதிருந்திருக்கலாம். ஆகவே வலிப்பு வந்தபோது அருகிலிருந்து கண்டவர் நோயாளியுடன் மருத்துவரிடம் செல்ல வேண்டும். கண் எப்பக்கம் சாய்ந்தது, எந்தக் கை முதலில் துடித்தது, எத்தனை நிமிடம் நீடித்தது என்று மருத்துவர் வினவுவார். கைப்பேசியில் படம் பிடித்து வைத்திருந்தால் அதனையும் அவரிடம் காட்டலாம்.